பதினேழாம் நம்பர் வால்வு

கம்பெனிக்காரன் அந்தப் பெட்டியை வைத்த இடத்தைப் பார்த்த அன்றைக்கே கலியபெருமாளுக்குத் தெரிந்துவிட்டது, இது தண்ணீர் அளக்க வைத்த பெட்டி இல்லை என்று. நெல்லித்தோப்பில் மேல்நிலைத் தொட்டிக்கு நேர் கீழே, மெயின் குழாய் இறங்கித் திரும்புகிற முதல் தெருவில், டாக்டர் வீட்டு மதிலோரமாகக் குழாயைத் துளைத்து நீலப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். உள்ளே கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரு முள். வட்டத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று கலர். முள் பச்சையில் நின்றால் ஊருக்குத் தண்ணீர் நன்றாகப் போகிறது என்று அர்த்தமாம். தொட்டியின் காலடியில் நின்றுகொண்டு ஊருக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்ப்பது, பந்தியில் முதல் இலைக்காரனிடம் போய் எல்லாரும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிற மாதிரிதான். முதல் இலைக்காரன் என்ன சொல்லுவான்? ஏப்பம் விடுவான்.

தினமும் காலை ஆறு மணிக்குக் கமலக்கண்ணன் பைக்கில் வருவான். கம்பெனியின் இன்ஜினியர். முப்பது வயது இருக்கும். கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கும். பெட்டியைச் சாவி போட்டுத் திறப்பான், முள்ளைப் பார்ப்பான், கையோடு கொண்டுவந்த தாளில் எதையோ நிரப்புவான், தாளை அப்படியே கலியபெருமாளிடம் நீட்டுவான். எல்லாம் இங்கிலீஷ். கலியபெருமாள் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். தமிழில் பஸ் பலகை படிப்பார், தன் பெயரை எழுதுவார். தாளை பைக் சீட்டின் மேல் வைத்து, ஏழு எழுத்தையும் ஒவ்வொன்றாக இறக்கிவைத்துக் கையெழுத்துப் போடுவார். வருகைப் பதிவு என்று நினைத்தார். வேறு என்னவென்று நினைப்பது? வேலைக்கு வந்தவனிடம் தினம் காலையில் வாங்குகிற கையெழுத்து வேறு எதற்கு இருக்கும்?

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர்தான். ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி, அடியில் சதுரமாக ஒரு வாய். அதுதான் வால்வு சாவி. சாலையில் அங்கங்கே இருக்கும் குழிகளின் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி, வால்வின் தலையைக் கவ்வச் செய்து, சுற்ற வேண்டும். எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்பது அவர் கைக்குத் தெரியும். மேலத் தெருக்களுக்கு ஐந்து மணிக்குத் திறப்பார். ஆறு மணி அடித்ததும் அவற்றைக் கொஞ்சம் இறுக்கிவிட்டு, கோடித்தெரு வால்வை முழுக்கத் திறப்பார். மேலத் தெருக்காரர்களுக்கு அப்போது தண்ணீர் நூல்போல வரும். வரட்டும், ஒரு மணி நேரம் ஆண்டு அனுபவித்தவர்கள்தானே. பகுதியின் கடைசித் தெருவான கோடித்தெருவில் நாற்பத்தாறு வீடு. மில் ஓடிய காலத்தில் மில்லுக்குப் போனவர்கள். மில் படுத்த பிறகு சித்தாள், பெயின்டர், வாட்ச்மேன் என்று சிதறியவர்கள். கலியபெருமாளின் வீடும் அங்கேதான், கடைசிக்கு முந்தின வீடு.

கோடித்தெரு வால்வுக்கு ஒரு குணம் உண்டு. அது பிரெஞ்சுக்காரன் காலத்தில் போட்டது. மற்ற வால்வெல்லாம் வலது பக்கம் சுற்றினால் மூடும், இடது பக்கம் சுற்றினால் திறக்கும். இது தலைகீழ். வலது பக்கம் சுற்றினால் திறக்கும். இதை அவருக்கு ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலைக்கு வந்த முதல் மாதம், மூடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வலது பக்கம் முறுக்கு முறுக்கு என்று முறுக்கி, கோடித்தெருவில் ஒரு கல்யாணப் பந்தலுக்குள் முழங்கால் தண்ணீர் ஏற்றிவிட்டார். பெண் வீட்டுக்காரன் கரண்டியோடு துரத்தினான். அன்றைக்குத் தெரிந்துகொண்டதுதான். அதற்குப் பிறகு அந்த வால்வை வேறு யாரும் தொட்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. கம்பெனி வந்து குழிகளுக்கெல்லாம் மஞ்சள் பெயின்டில் நம்பர் போட்டு வரைபடம் எழுதினபோதும், இதற்குப் பதினேழாம் நம்பர் போட்டு, எத்தனை சுற்று என்றுதான் கேட்டார்கள். பதினான்கு என்றார். எழுதிக்கொண்டார்கள். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. கேட்காதவனுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

கம்பெனி எப்படி வந்தது என்பது பெரிய கதை. தண்ணீர் அரசாங்கத்தினுடையது, தொட்டியும் குழாயும் அரசாங்கத்தினுடையது, கலியபெருமாளும் அரசாங்கத்தின் ஆள்தான். ஆனால் நடத்துவது மட்டும் கம்பெனி. கூட்டு என்றார்கள். முள் பச்சையில் நின்ற நாளுக்குக் கம்பெனிக்கு முழுக் காசு. மஞ்சளுக்கு வந்தால் பிடித்தம். சிவப்புக்குக் காசே கிடையாது. அரசாங்கத்துக்கு இதில் என்ன லாபம் என்று கலியபெருமாள் யோசித்துப் பார்த்தார். தெருத்தெருவாகப் போய்ப் பார்க்கிற வேலை மிச்சம். ஒரு முள்ளைப் பார்த்தால் போதும்.

கம்பெனி வந்த புதிதில் அரசாங்கத்துப் பக்கத்து இன்ஜினியர், ஜே.இ. இராமதாஸ் எல்லா வால்வு ஆட்களையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவர்களில் பாதிப்பேர் வவுச்சர் ஆட்கள். மாசக் கடைசியில் ஒரு வவுச்சரில் கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்குகிறவர்கள். அரசாங்க ரிஜிஸ்டரில் பெயர் கிடையாது, பென்ஷன் கிடையாது, செத்தால் மாலை வாங்கக்கூட ஆபீஸ் கணக்கில் ஒரு தலைப்பு கிடையாது. கலியபெருமாள் இருபத்திரண்டு வருடமும் வவுச்சர்தான். இனிமேல் ஒவ்வொரு ஆளுக்கும் மார்க் உண்டு என்றார் இராமதாஸ். முள் பச்சையில் நிற்கிற நாளெல்லாம் மார்க். பன்னிரண்டு மாதம் நல்ல மார்க் வாங்கினவனின் பெயர் பர்மனென்ட் லிஸ்டில் முதலில் போகும். கலியபெருமாளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்திருந்தது. அறுபதுக்குள் பர்மனென்ட் ஆனால் பென்ஷன். இல்லையென்றால் அறுபதாவது பிறந்தநாளன்று சாவியைக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பதினேழைத் திறந்தால் முள் இறங்கியது. இரண்டே நாளில் அதைக் கண்டுபிடித்துவிட்டான் கமலக்கண்ணன். அந்த வால்வு இரண்டு சுற்றுக்கு மேல் திறக்கக் கூடாது என்றான். கடைசித் தெருவுக்குப் புதுக் குழாய் வரப்போகிறது, அதுவரைக்கும்தான் என்றான். கலியபெருமாள் அன்று காலை பதினேழில் சாவியை இறக்கி, இடது பக்கமாகப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வீடு கண் முன்னால் வந்து போயிற்று. பன்னிரண்டோடு நின்றதில் தன் வீடு வரவில்லை என்று அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம் வேறு. அதை நினைக்கும்போதெல்லாம் பிற்பாடு அவருக்குத் தன் மூஞ்சியில் தானே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

கோடித்தெருவில் ஏற்கெனவே குழாய்களெல்லாம் பள்ளத்தில்தான் இருக்கும். தண்ணீர் மேலே ஏறாது என்று வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழாயை வெட்டிக் குட்டையாக்கி, குழிக்குள் குடத்தை இறக்கிப் பிடிப்பார்கள். இப்போது அந்தக் குழியை இடுப்பாழம் ஆக்கினார்கள். அப்படியும் ஒரு குடம் நிறைய அரை மணி ஆயிற்று. ஒரு மாதத்தில் அதுவும் நின்று, குழாயைத் திறந்தால் காற்று மட்டும் சீறியது. பெண்கள் டாக்டர் வீட்டுத் தெருவுக்குக் குடத்தோடு நடந்தார்கள். அந்தத் தெருவில் தண்ணீர் கார் கழுவி மிஞ்சிச் சாக்கடையில் ஓடியது. முதல் வாரம் கேட்டைத் திறந்துவிட்டார்கள். அடுத்த வாரம் பூட்டு போட்டார்கள். மோட்டார் ரிப்பேர் என்று கலியபெருமாள் தெருவில் சொல்லிவைத்தார். பிறகு குழாயில் அடைப்பு என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் எதை எப்போது சொன்னோம் என்று அவருக்கே மறந்து போயிற்று. அவர் மனைவி அமிர்தவல்லிக்கு மட்டும் மறக்கவில்லை.

"ஊருக்கே தண்ணி வுடுறவன் பொண்டாட்டி நானு. அடுத்தவன் ஊட்டு கேட்டுக்கு முன்னால கொடத்தோட நிக்கிறேன். அந்த நாய் கூட என்னப் பாத்துக் கொலைக்கிறத வுட்டுடுச்சி, பழகிப்போயி" என்றாள் ஒரு நாள், சோறு போடும்போது. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அதுதான் மோசமாக இருந்தது.

எதிர்வீட்டு செல்வாம்பாளுக்கு இட்லிக் கடை. புருஷன் மில்லோடு போய்ச் சேர்ந்தவன். அரிசி களைய, மாவாட்ட, பாத்திரம் கழுவ என்று நாளைக்கு எட்டுக் குடம் வேண்டும். வண்டித் தண்ணீர் வாங்கி மாளாமல், இட்லியை நிறுத்திவிட்டு வெறும் டீ மட்டும் போட்டாள். கலியபெருமாள் டீ குடிக்கப் போனால் அரை டம்ளர் ஊற்றிக் கொடுப்பாள். என்ன என்று பார்த்தால், "பிரஷர் இல்லண்ணா" என்பாள். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கலியபெருமாளும் சிரித்துவைப்பார்.

தெருக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கம்பெனி ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தது. பேசினால் ஒரு பெண் இனிமையாகப் பேசி ஒரு எண் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டு உங்கள் புகார் தீர்ந்துவிட்டது என்றாள். தண்ணீர் வரவில்லையே என்றால் அதற்கு இன்னொரு எண் கொடுத்தாள். ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நன்றாகப் போவதாக ரிப்போர்ட் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார் இராமதாஸ். எங்கே காட்டுங்கள் என்றதற்குக் காட்டவில்லை. செல்வாம்பாளின் மகள் ஹேமலதா ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறவள், பன்னிரண்டாவது வரை படித்தவள். தினம் நாலு பேர் அவளிடம் தகவல் உரிமைச் சட்டத்து மனுவை நகல் எடுக்கக் கொண்டுவந்தார்கள். புதுச் சட்டம், எல்லாரும் ஆசையாக எழுதிக்கொண்டிருந்த நேரம். அதில் ஒன்றைப் பார்த்து அவளும் அந்த ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு எழுதிப் பத்து ரூபாய் கட்டினாள்.

முப்பத்தாறாம் நாள் கட்டுக் காகிதம் வந்தது. ஹேமலதா அதைக் கடையில் வைத்துப் பிரிக்கவில்லை. தெருவிலும் காட்டவில்லை. நேரே கலியபெருமாள் வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம், அவர் சாவியின் வாய்க்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அமிர்தவல்லி உள்ளே இருந்தாள்.

"பெரியப்பா, இது ஒங்க கையெழுத்துதான?"

ஏழு எழுத்து. அவர் பார்த்தார். தாள் தாளாகப் புரட்டினாள். ஒவ்வொன்றிலும் ஏழு எழுத்து, ஒன்றன் பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. சில நாள் ஈரக் கையால் பிடித்ததில் மசி இழுத்திருந்ததுகூட ஜெராக்ஸில் தெரிந்தது.

"ஆமா. வருகைக்குப் போட்டது" என்றார்.

"வருகைக்கு இல்ல பெரியப்பா." அவள் ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். "கடைசித் தெருவுக்கு ஒரு மணி நேரம் தண்ணி திறந்து வுட்டேன், நேர்ல போய்ப் பாத்தேன், திருப்தியா வருதுன்னு போட்டிருக்கு. கீழ ஒங்க கையெழுத்து. இருநூத்தி எழுபத்திரெண்டு நாளு. ஒரு நாள் கூட வுட்டுப்போகல."

கலியபெருமாள் கிரீஸ் துணியைக் கீழே வைத்தார். அதை மறுபடி எடுத்தார். அந்த வரியைத் தானே படித்துவிடலாம் என்பது போல முகத்துக்கு அருகே தாளைக் கொண்டுபோனார். பூச்சி பூச்சியாக எழுத்து.

"படிச்சித்தான் போட்டியா?" என்றாள் ஹேமலதா.

"எனக்கு ஏதும்மா இங்கிலீஷு."

"அப்ப ஏன் போட்ட?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அமிர்தவல்லி நிலைப்படியில் வந்து நின்றுகொண்டிருந்தாள். தெருவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும். நாளைக்குக் காலையில் அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும், அவள் பெயரில்தான் மனு போட்டது, வருகிற வாரம் எல்லாரும் ஆபீசுக்குப் போகிறோம் என்று ஹேமலதா சொன்னாள். போகும்போது காகிதக் கட்டில் ஒரு தாளை மட்டும் அவரிடம் விட்டுப்போனாள். மறந்தா, வேண்டுமென்றா தெரியவில்லை.

மறுநாள் காலை வால்வு வேலை முடிந்ததும் கலியபெருமாள் சாவியோடே ஆபீசுக்குப் போனார். சாவியை வெளியே வைக்கச் சொன்னான் வாட்ச்மேன். வைக்கவில்லை. கமலக்கண்ணனும் அங்கே இருந்தான். மேஜை மேல் பெரிய பெரிய கலர் படங்கள் விரித்துக் கிடந்தன.

இராமதாஸ் அவரைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "வாய்யா கலியபெருமாளு. ஒன்னப் பத்தித்தான் பேசினு இருந்தோம். தொண்ணூத்தி நாலு மார்க்குய்யா. மொத்தப் பகுதிக்கும் நீதான் பர்ஸ்ட்டு."

கலியபெருமாள் தாளை எடுத்து மேஜை மேல் போட்டார். கமலக்கண்ணன் ஒரு பார்வையிலேயே தெரிந்துகொண்டான். அது பார்மட், எல்லா ஆப்பரேட்டருக்கும் ஒரே பார்மட்தான் என்றான்.

"என் தெருவுல தண்ணி வர்லன்னு எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும். நல்லா வருதுன்னு நான் எப்பப்பா சொன்னேன்?"

"பெரியவரே, கோவப்படாம கேளுங்க. கடைசித் தெருவுல மீட்டர் கெடையாது. மீட்டர் இல்லாத எடத்துல ஆப்பரேட்டர் சொல்றதுதான் ரீடிங். அங்க நீங்கதான் மீட்டர்."

கலியபெருமாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கெட்டவன் போலவும் தெரியவில்லை. கணக்கு வாத்தியார் விளக்குகிற மாதிரி பொறுமையாகத்தான் சொன்னான். ஒருத்தன் தொண்டையை அறுத்துவிட்டு அதற்கு ரசீதும் கொடுக்கிறவன் இப்படித்தான் பேசுவான் என்று நினைத்துக்கொண்டார். இருநூற்று எழுபத்திரண்டு நாள், அவருடைய வாய்க்குள்ளேயே கையை விட்டு அவர் சொல்லாததை எடுத்து எழுதியிருக்கிறார்கள். எழுதி அவரையே கொண்டு அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். நாளைக்கு யார் கேட்டாலும் கம்பெனி சொல்லவில்லை, அரசாங்கம் சொல்லவில்லை, கோடித்தெருவில் குடியிருக்கிற கலியபெருமாள்தான் சொன்னான்.

இராமதாஸ் அவரைத் தோளில் கைபோட்டு வராந்தாவுக்கு அழைத்துப் போனார். செவ்வாய்க்கிழமை வெளியூரிலிருந்து ஒரு டீம் வருகிறது, முள்ளைப் பார்க்கப் போகிறார்கள், பச்சையில் நின்றால் மொத்த டவுனையும் பத்து வருடத்துக்குக் கம்பெனிக்குக் கொடுப்பார்கள் என்றார். அன்றைக்குச் சிறந்த பணியாளர் என்று கலியபெருமாளுக்குச் சால்வை போடுகிறார்கள், அதே கையோடு பர்மனென்ட் பைல் மேலே போகும். மூன்று மாதம் பொறுத்தால் போதும். பேசிக்கொண்டே வந்தவர் படிக்கட்டருகே நின்று குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் மார்க் போடுறாங்கய்யா. எனக்கு மேல இருக்கிறவனுக்கும் போடுறாங்க. நீ ஒருத்தன்தான் மாட்டினேன்னு நெனைக்காத."

அந்தக் காகிதத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார் கலியபெருமாள். தெருவில் எப்படி நடப்பது என்று கேட்டார்.

"மோட்டார் ரிப்பேருன்னு சொல்லேன்" என்றார் இராமதாஸ்.

தெருவில் யாரும் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. செல்வாம்பாளின் கடைக்கு அவர் போகவில்லை, அவளாக வந்தாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு. வாசலில் வறண்டு கிடந்த குழாய்க் குழிக்குள் குடத்தை இறக்கி வைத்தாள். "திருப்தியா வருதுன்னு எழுதிக் குடுத்திருக்கியாமே. ரொம்புனதும் சொல்லியனுப்புண்ணா, வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சத்தமே போடவில்லை. குடம் அங்கேயே இருந்தது. அமிர்தவல்லி அதை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை முழுக்கத் தெருவில் போகிறவர்கள் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை தொட்டியடியில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கோலம்கூட இருந்தது. டீமில் ஐந்து பேர், ஒரு பொம்பளை. எல்லாருக்கும் இளநீர். ஆறேகாலுக்குக் கலியபெருமாளைக் கூப்பிட்டு, சந்தன நிறத்தில் ஒரு சால்வையைப் போட்டு, கண்ணாடி போட்ட சர்ட்டிபிகேட் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். அந்தப் பொம்பளை ஏதோ கேட்டாள். இராமதாஸ் தமிழில் சொன்னார், இந்த வேலையில் உனக்கு எது பெருமை என்று கேட்கிறார்கள் என்று. கலியபெருமாள் கும்பிட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு எல்லாரும் டாக்டர் வீட்டு மதிலோரம் போனார்கள். கமலக்கண்ணன் நீலப் பெட்டியைத் திறந்தான். முள் பச்சையின் நடு மத்தியில் நின்றது. ஒருத்தர் போட்டோ எடுத்தார். அரை மணி நேரம் இருந்து பார்க்கிறோம் என்றார்களாம்.

கலியபெருமாள் சர்ட்டிபிகேட்டை ஷாமியானா நாற்காலி ஒன்றில் வைத்துவிட்டு, சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தெருமுனை தாண்டி இடது பக்கம், டீமுக்குத் தெரியாத இடத்தில் பதினேழாம் நம்பர் மூடி. தூக்கினார். சால்வை குழிக்குள் தொங்கியது. எடுத்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டார். பென்ஷன் என்கிற சொல் மனதுக்குள் ஒரு தடவை வந்தது. அறுபதுக்குப் பிறகு அமிர்தவல்லி என்ன செய்வாள் என்பதும் வந்தது. சாவி வால்வின் தலையைக் கவ்விய சத்தம் கேட்டதும் அதெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. வலது பக்கம். மூன்று. நான்கு. ஒன்பது மாதம் அசையாமல் கிடந்ததில் நறநறவென்று அரைத்தது. ஐந்து. ஆறு. காலுக்கடியில் மண்ணுக்குள் தண்ணீர் திரும்புகிற அதிர்வு உள்ளங்காலில் தெரிந்தது. சாவியை அப்படியே நிறுத்திவிட்டு மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்தார்.

இரண்டு நிமிடத்தில் கமலக்கண்ணன் ஓடி வந்தான். கழுத்து அட்டை முதுகுப் பக்கம் போயிருந்தது. பின்னாலேயே இராமதாஸ், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க.

"என்னா பண்ணீங்க பெரியவரே? முள்ளு மஞ்சளுக்கு வந்துடுச்சி. மூடுங்க, மூடுங்க."

கலியபெருமாள் பீடியைப் பற்றவைத்தார். "நான்தான் மீட்டரு. கோடித்தெருவுல தண்ணி இல்லன்னு மீட்டரு காட்டுது" என்றார்.

"யோவ், ஒன் பைலு போயிடும்யா" என்றார் இராமதாஸ். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கலியபெருமாள் விலகி நின்று, வேண்டுமானால் நீங்களே மூடிக்கொள்ளுங்கள் என்பதுபோலச் சாவியைக் கையால் காட்டினார்.

கமலக்கண்ணன் சாவியைப் பிடித்தான். சாவி பிடித்துப் பழக்கமில்லாத கை, குறுக்குப் பிடியின் இரண்டு முனையையும் தொற்றிக்கொண்டு தொங்கினான். எல்லா வால்வையும் மூடுகிற பக்கமாக, வலது பக்கமாக, முழு பலத்தையும் போட்டுச் சுற்றினான். ஏழு. பாக்கெட்டில் அவன் போன் அடித்தது. இராமதாஸ் எடுத்துக் காதில் வைத்தார், பெட்டியருகே நின்றவன் பேசினான். "முள்ளு எறங்குதாம்" என்றார். கமலக்கண்ணன் இன்னும் வேகமாகச் சுற்றினான். எட்டு. ஒன்பது. இறுகிக்கொண்டே போகிறது, துருப்பிடித்திருக்கிறது, இன்னும் கொஞ்சம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "இன்னும் எறங்குதாம்யா, செவப்புக்கு வருதாம்" என்றார் இராமதாஸ். அவரும் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் குறுக்குப் பிடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அரசாங்கம் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம் என்று இரண்டு பேரும் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். செக்கு மாடு மாதிரி. பத்து. பதினொன்று.

கலியபெருமாளுக்கு ஒரு வார்த்தை போதும். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, எந்தப் பக்கம் என்று அவரைக் கேட்க வேண்டிய நேரம் இது. அவர்கள் கேட்கிறார்களா என்று காத்திருந்தார். கேட்கவில்லை.

கோடித்தெருப் பக்கமிருந்து முதலில் காற்றுச் சத்தம் வந்தது. மூடாமல் விட்டிருந்த நாற்பத்தாறு குழாயும் ஒன்றாக இருமின. பிறகு ஒரு பெண் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு பல பேர். குடங்கள் ஒன்றோடொன்று இடிபடுகிற சத்தம். முதலில் வருவது துருத் தண்ணீர்தான், செங்கல் கரைத்த மாதிரி இருக்கும். அவர் வீட்டு வாசல் குழிக்குள் செல்வாம்பாளின் குடத்தில் இந்நேரம் அதுதான் விழுந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு என்றார் கலியபெருமாள், வாய்க்குள். பீடிப் புகை சால்வையின் நுனியைச் சுற்றிப் போயிற்று. பதின்மூன்று.